யார் சொன்னது?

“நாளையிலேருந்து நான் வேலைக்கு வரல, சார்.”

மேலாளர் ரிச்சர்டின் மேசை முன் நின்று சொன்னாள் சந்தனமாரி.

பாளையங்கோட்டையில் அந்தத் தனியார் மருத்துவமனை டயாலிசிஸ் பிரிவைத் தொடங்கிய நாள்முதல் அவள் அங்கே நர்ஸ். புது மெஷின்கள் வந்ததும் பயிற்சிக்கு மதுரைக்கு ஆள் அனுப்பத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறையும் அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்களே போனார்கள்.

நேற்று மெஷின் திடீரென அலறியது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் சந்தனமாரி திணறினாள். சேரன்மகாதேவியிலிருந்து வரும் கருத்தையா, அவள்தான் ஊசி போட வேண்டும் என்று காத்திருந்து படுக்கிற நோயாளி, முகம் வெளிறிப்போய்ச் சொன்னார்:

“நீ தள்ளிக்கம்மா. மதுரைக்குப் போய்ப் படிச்சிட்டு வந்த பிள்ளையக் கூப்பிடு.”

வேலை முடிகிற நேரத்தில் அடுத்த பயிற்சிக்குப் போகிறவர் பெயரை அறிவித்தார்கள். ஸமீஹா. சந்தனமாரியிடம் வேலை பழகிய பெண்.

வீட்டுக்கு வந்தவள் வாய் திறக்க முடியாமல் வாசலிலேயே உடைந்து அழுதாள். மாமியார் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருமகள் வேலைக்குப் போவதே அவளுக்குப் பிடிக்காது. கணவன் மணிராஜ்தான் ஓடி வந்து அணைத்துக்கொண்டான்.

“ஸமீஹா போனா போயிட்டுப் போறா. அதுக்கு ஏன் அழுவுத? மதிக்காத எடத்துல உனக்கு என்ன வேல? விட்டுரு. நான் பாத்துக்கிடுதேன்.”

தன் பக்கம் நிற்க இவனாவது இருக்கிறானே என்று அவள் மனம் ஆறியது. அந்தத் தைரியத்தில்தான் இப்போது ரிச்சர்ட் முன்னால் நிற்கிறாள்.

“நான் என்ன தப்பு செஞ்சேன் சார்? முன்னல்லாம் எப்படா விடியும்னு ஓடியாருவேன். இப்ப இங்கன வரதுக்கே கால் வரமாட்டேங்கு. என்னைய மட்டும் ஏன் ஒதுக்குதீங்க?”

ரிச்சர்ட் திகைத்துப் பார்த்தார்.

“ஒதுக்குதோமா? ஒவ்வொரு தடவையும் மொதல்ல போடுதது உங்க பேருதாம்மா. வெளியூர்ல தங்கணுமேன்னு வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லுவோம். நீங்க போக முடியாதுன்னு அங்கேருந்து பதில் வரும்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, சார்!”

“அவகிட்ட கேக்காதீங்க, கேட்டா மனசு ஒடஞ்சிருவான்னு சொன்னா, நான் என்ன செய்ய?”

சந்தனமாரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க அத்தையா சார் அப்படிச் சொன்னாங்க?”

ரிச்சர்ட் மெல்லத் தலையை ஆட்டினார்.

“இல்லம்மா. உங்க வீட்டுக்காரரு.”