எனக்கென்று போட்ட நாற்காலி

கூட்டம் என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் கோவை காமிக்ஸ் விழாவுக்கு ஒவ்வொரு வருடமும், இப்போது பலரும் செய்வதுபோல, என் இயந்திர நகலை அனுப்பினேன். அதே முகம், அதே குரல். கூச்சத்தை மட்டும் குறைத்துச் செய்யச் சொல்லியிருந்தேன்.

அவள் சிரித்துக்கொண்டே திரும்புவாள். "மெஹரும் பவித்ராவும் எனக்குன்னு நாற்காலி பிடிச்சு வச்சிருந்தாங்க" என்பாள். அந்த 'எனக்குன்னு' என்னை அரித்தது. சிறு வயதிலிருந்து தனியாக உட்கார்ந்து அந்தக் காமிக்ஸ் புத்தகங்களைப் படித்தவள் நான்.

இந்த வருடம் அவளை வீட்டில் பூட்டிவிட்டு நானே போனேன்.

நாற்காலி காலியாக இருந்தது. "வாடி லேட்டு! வில்லன் குரலை எடு" என்றாள் மெஹர். புதுப் புத்தகத்தை ஆளுக்கொரு குரலில் உரக்க வாசிப்பது அவர்கள் வழக்கம். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெஹர் பரிவோடு என் கையைத் தட்டினாள்.

"பரவாயில்ல, நீ நகல்தானே? அவளுக்கு உடம்பு சரியில்லையா?"

நான் தலை குனிந்தேன். "லேசா ஜுரம்."

"சீக்கிரம் தேறி வரச் சொல்லு. அவ இல்லாம நல்லாவே இல்ல."