வெள்ளைத் தொட்டி

முற்றத்தில் நான்கு பேர் இருந்தார்கள். மாமியார் ஜிப்பார், அவள் கணவர் கோக்பாய், மருமகள் மீரிம், மகளை அழைத்துப்போக தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த மீரிமின் அம்மா தமாரா. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ரஷ்யாவில் வேலை செய்யும் ஜிப்பாரின் மகனுக்குப் போனில் சொல்லியாகிவிட்டது. நீங்க என்ன முடிவு பண்ணினாலும் சரி என்று சொல்லி வைத்துவிட்டான்.

"அப்படி என்னதான் சொன்னா சம்பந்தி?" என்று தமாரா கேட்டாள்.

ஜிப்பார் சொன்னாள். முந்தின நாள் விருந்து. கோக்பாயின் அண்ணன்மார் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்க, மூத்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். மீரிம் வாசற்படியில் நின்று, அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"குடிக்காதீங்க. தொட்டித் தண்ணி மாமா மாதிரி ஆயிடுச்சு."

முதுகு போய், லாரி ஓட்ட முடியாமல் வீட்டோடு கிடக்கிற மனிதர் கோக்பாய். தேங்கிப்போன தண்ணீருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம் என்று ஊர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து உள்ளே போனார். அண்ணன்மார் தேநீரை மிச்சம் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

தமாராவுக்கு நிலத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"எல்லாம் சொல்லித்தான் குடுத்தேன்," என்றாள் ஜிப்பார். "பெரியவங்களைக் குனிஞ்சு கும்பிடணும், அவங்களுக்கு முதுகு காட்டக்கூடாது, அவங்க பேரு வாயில வரக்கூடாது, சத்தமா சிரிக்கக்கூடாது. எல்லாத்துக்கும் தலையாட்டினா. பட்டணத்துப் பொண்ணு, பாதிப் பேச்சு ரஷ்யன். ஒண்ணும் மண்டையில ஏறல."

தொட்டியால் வந்த வினை என்பது ஜிப்பாரின் எண்ணம். ஊர்ப் பெயர் கோக்-தொபோ, பச்சை மேடு. பச்சை பெயரில்தான், தண்ணீர் என்றைக்கோ வரும், பிடித்துவைத்துத்தான் குடிக்க வேண்டும். அதற்காக மகன் வாங்கிப்போட்ட வெள்ளை பிளாஸ்டிக் தொட்டியை, வந்த கையோடு மீரிம் பழைய கம்பளியால் சுற்றிக் கட்டினாள். வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்கும் என்றாள். மூடி போட்ட தொட்டிக்குள் பாசி எங்கிருந்து வரும் என்று ஜிப்பார் கேட்டாள். மூன்று வாரத்துக்கு முன், விருந்துப் பேச்சு எழுந்த அன்றே, வருகிறவர்கள் சிரிப்பார்கள் என்று கம்பளியை உருவிப் போட்டுவிட்டாள். அந்தக் கோபத்தைத்தான் மீரிம் சபையில் தீர்த்துக்கொண்டாள்.

"அத்தை, ஒரு தடவை தொட்டியைத் திறந்து பாருங்க," என்றாள் மீரிம்.

"பாத்துட்டு நானும் உங்கூடச் சேர்ந்து சிரிக்கணுமா?"

தமாரா மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏன்டி, வேற வார்த்தையே கிடைக்கலையா உனக்கு?"

"கிடைக்கலம்மா."

மீரிம் மாமனார் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் வாயை மூடிக்கொண்டாள்.

கிளம்பும்போது குனிந்து கும்பிட்டாள். முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வாசல் வரை போனாள். போகிற போக்கில் நடிப்பைப் பார் என்று நினைத்தபடி ஜிப்பார் வெளிக்கதவைச் சாத்திப் பூட்டினாள்.

கணவர் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிறார். ஜிப்பார் வாளியை எடுத்தாள். மருமகள் வந்த பிறகு அவள் வாளியைத் தொடுவது இதுதான் முதல் தடவை. தொட்டிக் குழாயைத் திருகினால் நூலாகக் கசிந்து நின்றது. ஏதோ அடைத்திருந்தது. முக்காலியைப் போட்டு ஏறி மூடியைத் திறந்தாள்.

நாற்றம் முகத்தில் அடித்தது. உள்சுவர் முழுக்க வழவழவென்று பாசி. தண்ணீர் அடி தெரியாத பச்சை.

"என்ன ஆச்சு?" என்று படியிலிருந்து கோக்பாய் கேட்டார்.

பச்சைக்கு அவர்கள் பேச்சில் கோக் என்று பெயர். கணவர் பெயரின் முன்பாதி. கல்யாணமான நாளிலிருந்து ஜிப்பார் அந்தச் சொல்லை உச்சரித்ததில்லை. ஊர்ப் பெயரைக்கூட 'நம்ம ஊரு' என்பாள்; பச்சை என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'புல் நிறம்' என்பாள். அது அவளுடைய மாமியார் பழக்கிவிட்டது. மருமகளுக்கு எந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தாள். அதற்குப் பதிலாக எதைச் சொல்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

"கேக்கறேன்ல? தண்ணிக்கு என்ன?"

புல் நிறம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நாக்கு நுனியில்தான் இருந்தது. ஜிப்பார் தலையைத் தூக்கவில்லை.

"உங்களை மாதிரி ஆயிடுச்சுங்க."