இடது காது

எங்கள் வித்தையில் மந்திரம் ஒன்றும் கிடையாது. என் மனைவி கண்ணைக் கட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருப்பாள். நான் கூட்டத்துக்குள் போய் யாரிடமாவது ஒரு பொருளை வாங்கிக்கொண்டு அவளைக் கேட்பேன். "சொல்லு" என்றால் கடிகாரம், "சட்டுனு சொல்லு" என்றால் சீப்பு. வானொலியிலும் இதே பித்தலாட்டம்தான்.

போன வாரம் வானொலி நிலையத்தில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அறிவிப்பாளரின் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

"பேனா," என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "யாரு சொன்னா?"

"நீங்கதான். காதுகிட்ட வந்து எவ்வளவு மெதுவா சொன்னீங்க! எப்பவும் அப்படியே பேசலாம்ல?"

நான் அவள் காதுப் பக்கம் போகவே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷமாகக் கத்திக் கத்தித் தொண்டை தேய்ந்தவன் நான்.

நேற்று மேடையில் வேண்டுமென்றே கடிகாரத்தை எடுத்துச் சீப்புக்கான கேள்வியைக் கேட்டேன். இடது காதோர முடியை ஒதுக்கிவிட்டு, "கடிகாரம்," என்று சிரித்தாள். கல்யாணமான புதிதில் என்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

எனக்குப் பொறுக்கவில்லை. கடைசி வரிசைக்குப் போய் என் கல்யாண மோதிரத்தைக் கழற்றி உள்ளங்கையில் இறுக்கி மூடிக்கொண்டேன். அவளிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

அவள் இடப்பக்கம், யாருமில்லாத பக்கம், தலையைச் சாய்த்தாள்.

"மோதிரமா? கழட்டிட்டாரா?" ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்டது. "சரி, அப்போ நீங்க போட்டுக்கோங்க."

வேடிக்கை என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. நான் விரல்களைப் பிரித்தேன். உள்ளங்கையில் மோதிரம் அழுந்திய தடம் மட்டும் இருந்தது.