மேகங்களுக்கு அபராதம்

'நகர எல்லைக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் மழை பெய்யக் கூடாது. மீறும் மேகங்களுக்கு அபராதம் விதிக்கப்படும்.'

பிரான்சின் அந்தத் துறைமுக நகரத்து இடதுசாரி மேயர் லூசியேன் தர்போன் கையெழுத்திட்ட உத்தரவு நகர மன்றத்தின் வாசலில் ஒட்டப்பட்டதும், எதிர்க் காபிக்கடை குலுங்கிச் சிரித்தது.

"மேகத்துக்கிட்ட யாருப்பா போய் வசூல் பண்றது?"

"நேத்து கொசுவுக்குத் தடை. இன்னிக்கு மேகம். நாளைக்கு மாமியாரா?"

"அதுக்குத் தடை போட்டா என் ஓட்டு அவருக்குத்தான்!"

சிரிக்காதவர் மேயரின் செயலாளரான ஓதில் என்ற பெண்மணி ஒருவரே. கப்பல் பட்டறைத் தொழிலாளர் குடியிருப்பில் வசிப்பவர் அவர். அதை இடித்து ஓட்டல் கட்டுவதற்காக அங்குள்ள அறுபது குடும்பங்களும் வெளியேற்றப்பட இருந்தன.

"தோழரே, எங்க வீட்டு வாசல்ல கோர்ட் அமீனா வந்து நிக்கிறான். நீங்க மேகத்தைத் துரத்திக்கிட்டு இருக்கீங்க!"

"போன வருஷம் பக்கத்துக் கட்டடத்துல யாரையும் வெளியேத்தக் கூடாதுன்னு உத்தரவு போட்டேனே, என்ன ஆச்சு?"

"மாவட்ட ஆட்சியர் ஆபீஸ் கோர்ட்டுக்குப் போய் உடனே ரத்து பண்ணிட்டாங்க."

"இந்த வருஷம் உங்களுக்கும் அதே உத்தரவைப் போட்டிருக்கேன். கூடவே கொசு, மேகம், குறட்டை எல்லாத்துக்கும் தடை. அங்க சட்டப் பிரிவுல ஒரே ஒரு ஆளு. அத்தனையையும் படிச்சு, அத்தனைக்கும் கோர்ட்டுக்குப் போகணும். நவம்பர் பொறக்கிற வரைக்கும் இழுத்தாப் போதும். அப்புறம் குளிர்காலம் முடியுறவரைக்கும் நம்ம நாட்டுச் சட்டப்படியே யாரும் உங்களை வெளியேத்த முடியாது."

"தேர்தல் வருது. ஊரே சிரிக்குதே!"

"சிரிக்கட்டும். சிரிக்கிறதுக்கும் ஒரு வீடு வேணும்ல?"

பதவிக்காகக் கோமாளி வேடம் தரிப்போரை நாம் நாள்தோறும் காண்கிறோம். பிறர் கூரைக்காக அவ்வேடத்தை ஏற்பவரைக் கண்டால் சிரிக்குமுன் சற்றே பொறுப்போம்.

நவம்பர் பிறந்தது. ஒரு குடும்பமும் வெளியேற்றப்படவில்லை.

ஆட்சியர் அலுவலகச் சட்ட அதிகாரி புர்தேல், கொசு, மேகம், குறட்டைத் தடைகளை ரத்துசெய்த நீதிமன்றத் தீர்ப்பின் நகல்களோடு நேரில் வந்தார். மேயர் தம் பதவிக்குரிய மூவர்ணப் பட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டு, வெற்றிக் களிப்போடு வரவேற்றார்.

"வாங்க புர்தேல் சார்! பாவம், ரொம்ப அலைய விட்டுட்டேனோ?"

"இதெல்லாம் ஒரே மத்தியானத்துல முடிஞ்சு போச்சு, மேயரய்யா."

மேயரின் முகம் சுருங்கியது. "ஒரே மத்தியானமா? அப்போ... வெளியேத்தக் கூடாதுன்னு போட்ட உத்தரவு?"

அதிகாரி எழுந்து சென்று, கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்த உத்தரவு என்னாச்சுன்னு மேலதிகாரி தினமும் கேட்டாரு. 'இன்னும் படிச்சுக்கிட்டு இருக்கேன் சார்'னு சொல்லிச் சொல்லியே என் பொழுது போச்சு. அது ஒரே பக்கம்! அடுத்த தடவையாவது கொஞ்சம் நீளமா எழுதுங்க, ஐயா."