ராணியின் கழுத்துப்பட்டை

"ராணி செத்துட்டா சார்!"

டாக்டரம்மா கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினார். திரையில் பச்சையாக இருக்க வேண்டிய புள்ளி சிவப்பாகியிருந்தது.

ராணி ஒரு பெண் சிறுத்தை. அவள் கழுத்தில் கட்டியிருக்கும் பட்டை பல மணி நேரம் துளிகூட அசையாவிட்டால், 'உயிர் போய்விட்டது' என்று தானாகவே செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பிவிடும். இந்த அலுவலகத்துக்கு வரும் அதே செய்தி, கடல் தாண்டி இருக்கும் தலைமை அலுவலகத்துக்கும் போகும். போய்விட்டது. தொலைபேசி ஓயாமல் அலறிக்கொண்டிருந்தது.

சிறுத்தைத் திட்ட அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ரெண்டு பச்சைக் குட்டி வேற! ஜீப்பை எடுங்க. ஸ்ட்ரெச்சர், மருந்துப் பெட்டி எல்லாத்தையும் ஏத்துங்க. ஒருவேளை உயிர் ஒட்டிக்கிட்டு இருந்தா?"

சமையல்கார அக்கா வாசலில் தயங்கி நின்றாள். "சார், காலையிலயே சொன்னேன். நேத்து ரோந்து போன எங்க வீட்டுக்காரர் இன்னும் வரலை..."

"நெட்டையா? காட்டுக்குள்ள போனா அவருக்கு வீட்டு ஞாபகமே வராதுன்னு நீங்கதானேக்கா சொல்வீங்க? எங்கயாவது பறவை பார்த்துக்கிட்டு நிப்பார். நாளைக்கும் வரலைன்னா தேடலாம்."

அக்கா வாசலை விட்டு இறங்கினாள். தண்ணீர் கேனைத் தானே தூக்கி ஜீப்பில் வைத்தாள். "வாயில்லா ஜீவனுக்காக இப்படி ஓடுறீங்களே, நீங்க நல்லா இருக்கணும் சார்," என்றாள். மனதாரத்தான் சொன்னாள். "வழியில அவர் கண்ணுல பட்டா ஏத்திக்கிட்டு வாங்க."

ஜீப்பில் போக முடிந்த தூரம் போய், பிறகு முள்ளில் கிழிபட்டு நடந்தார்கள். சமிக்ஞை ஓர் ஓடைச் சரிவில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே ஒரு பாறை மேல் கழுத்துப்பட்டை மட்டும் தனியாக இருந்தது.

"தோலை உரிச்சுட்டுப் போயிட்டானுங்க, பாவிங்க!" அதிகாரி தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ராணிக்கு ஒண்ணும் ஆகலை சார்! ஜம்முனு இருக்கா!"

பாறைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. கால் ஒடிந்து, உதடு வெடித்து, நெட்டை அங்கே படுத்துக் கிடந்தார்.

"நெட்டை! என்னய்யா ஆச்சு?"

"ராணி குட்டிங்களோட போறதைப் பார்த்தேன், பட்டை அறுந்து தடத்துல கிடந்தது சார். பையில போட்டுக்கிட்டு வரும்போது வழுக்கி விழுந்துட்டேன். போன்ல சிக்னல் இல்ல."

டாக்டரம்மா அவர் காலுக்குக் குச்சி வைத்துக் கட்டினார். ராணிக்கென்று கொண்டுவந்த ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்ததும் நெட்டைக்குக் கண் கலங்கியது. இரண்டு கைகளையும் கூப்பினார்.

"நீங்க நல்லா இருக்கணும் சார். பட்டை பையிலயே இருந்தா, நான் புரளுறப்பல்லாம் அவ உயிரோட இருக்கிறதா காட்டும். அதான் எடுத்துப் பாறை மேல அசையாம வச்சேன். நான் காணோம்னா நாளைக்குத்தான் தேடுவீங்க. ராணி செத்துட்டான்னா உடனே ஓடி வருவீங்கல்ல?"