சாமி உத்தரவு

போன் அடித்ததும் அப்புசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். பேசியது, போன வாரம் தன் மகனுக்காக இவர் மகள் கனிஷ்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போன திருச்செங்கோட்டு அர்த்தநாரி.

“அண்ணா, காலைல ஏழு மணிக்கே எங்க குலசாமி கோயில்ல பொட்டலங் கட்டிப் பூக் கேட்டமுங்க.”

“சொல்லுங்க.”

“வெள்ளப் பூ வந்தா உடனே நிச்சயம் வெச்சுக்கலாம்னு இருந்தமுங்க. செவப்புதானுங்க வந்துச்சு. மனசு கேக்காம மறுக்காவும் கேட்டமுங்க. அப்பவும் செவப்புத்தான்.”

அப்புசாமி போனை மறு காதுக்கு மாற்றினார். “பொட்டலத்த யாருங்க எடுத்தது?”

“பூசாரி பேத்திங்க. பூசாரிக்கே கண்ணு கலங்கிப் போச்சுங்க. உங்க புள்ள தங்கமுங்க, எங்களுக்குத்தான் குடுப்பினை இல்ல. தப்பா நெனச்சுக்காதீங்க.”

“அதுல என்னங்க இருக்குது. சாமியே வேண்டாம்னு சொன்னதுக்கப்புறம் நாம என்ன பண்றது. வெச்சறட்டுங்களா?”

அவர் குரலில் கடைசிவரை மரியாதை குறையவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டார்.

வெள்ளைப் பூவே வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ள, யாருக்கும் சொல்லாமல் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். ஆறு மணியிலிருந்து அர்த்தநாரியின் குலசாமி கோயில் வாசற்படியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பூசாரி வெளியே வந்தார். அவர் கையிலிருந்த தட்டில் வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் பொட்டலம் கட்டாமலே கிடந்தன.

“ஏனுங்க, அர்த்தநாரி ஊட்டுக்காரங்கள இன்னுங் காணோமே. பூ வாடுதுங்க.”

அப்புசாமி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

“வந்துட்டுப் போயிட்டாங்களாமுங்க.”