புள்ளி இல்லாத தெரு

நூறு வருடங்களுக்கு முன் காலராவில் யார் யார் எந்த வீட்டில் இறந்தார்கள் என்று, மரணப் பதிவேட்டைப் பார்த்து நகர வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் வைத்தாள் தமயந்தி. நான்கு வருட ஆராய்ச்சி. நகரத்துக்கே அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. கிணற்றுத் தெருவில் மட்டும் ஒரு புள்ளிகூட விழவில்லை. அங்கிருந்த பொதுக்கிணறுதான் தெருவைக் காப்பாற்றியது என்று எழுதினாள். நகராட்சி அதை நம்பி, மூடிக்கிடந்த கிணற்றைத் தூர் வாரி இன்று திறக்கிறது. நூறு வருடமே சாட்சி சொல்லும்போது எதற்கு என்று தண்ணீரை யாரும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை.

விழாவுக்குக் கிளம்பியவளை ஆவணக் காப்பகத்து இஸ்மாயில் அவசரமாக வரச் சொன்னார்.

"பதிவேட்டு அட்டை பிரிஞ்சிருக்கேன்னு ஒட்டப் போனேன் மேடம். உள்ள இந்தக் கடுதாசி இருந்துச்சு."

மரணங்களைப் பதிந்த எழுத்தரின் கடிதம் அது. 'எனக்கு முன் இருந்தவர் கிணற்றுத் தெருவில் கணக்கெடுக்கப் போய்த்தான் மாண்டார். அங்கே பிணம் தூக்கவும் ஆளில்லை. நான் அந்தத் தெருவுக்குள் போகமாட்டேன்.'

தமயந்தி நகராட்சிப் பொறியாளரை அழைத்தாள். மூன்று முறை எடுக்கவில்லை. நான்காவது முறை நாதஸ்வரச் சத்தம் கேட்டது.

"எங்க மேடம் இருக்கீங்க? சரியான வெயில், ஜனங்க காத்திருக்கல, எல்லாரும் குடிச்சாச்சு. உங்க டம்ளர மட்டும் மூடி வச்சிருக்கேன். தண்ணி சும்மா இளநி மாதிரி இனிக்குது, சீக்கிரம் வாங்க."